காரீயமும் அதன் உப்புகளும் எதில் கரையும்? ஆய்வக மேசைக்கான முழுமையான வழிகாட்டி

காரீயத்தைக் கரைக்கச் சொன்னால் புதியவர்கள் அலமாரியில் இருக்கும் அமிலங்களில் வீரியமானதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அடர் நைட்ரிக் ஊற்றினால் கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு அடங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக்கில் நாலு குமிழி வரும், பிறகு ஒன்றும் நடக்காது. கந்தக அமிலத்தில் உலோகத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை ஏறும், அதோடு நின்றுவிடும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. காரீயம் அமிலத்தோடு சேர்ந்து எந்த உப்பாக மாறுகிறதோ, அந்த உப்பு அந்தத் திரவத்தில் கரைந்தால்தான் அடுத்த படலம் வெளியே வரும். உப்பு கரையாவிட்டால் அதுவே உலோகத்துக்குப் போர்வை ஆகிவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு கணக்கை வைத்தே பார்க்க வேண்டும்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆய்வகங்களை மனதில் வைத்து எழுதியது இது. தண்ணீரும் வெயிலும் அங்கே சோதனைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம்.

1. கையில் இருப்பது காரீயம்தானா?

பேச்சில் எல்லாமே ‘ஈயம்’. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வலையில் கட்டும் ஈயக்குண்டு காரீயம். ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கும் ஈயம் இரண்டும் கலந்தது. எல்லைப் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. மலையாளத்தில் ‘ஈயம்’ என்று மட்டும் சொன்னால் காரீயத்தைத்தான் குறிக்கும், வெள்ளீயத்துக்கு ‘வெளுத்தீயம்’ என்று தனிச்சொல் இருக்கிறது. வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமும் பேசும் பிள்ளைகள் இங்கேதான் மாதிரியை மாற்றி எடுத்து வருகிறார்கள்.

இதைச் சரிபார்க்காமல் விட்டால் 3-ஆம் படியில் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளீயம் கலந்த துண்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் அடியில் வெள்ளைப் பொடி தங்கும். அது வெள்ளீயத்தின் ஆக்சைடு, எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ஆன்டிமனி சேர்த்துக் கெட்டிப்படுத்திய காரீயமும் இப்படித்தான். கரையவில்லையே என்று மேலும் மேலும் அமிலம் ஊற்றுவதில் பயன் இல்லை.

சுலபமான சோதனை எடையும் நகமும். காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், வெள்ளீயத்துக்கு 7.3. ஒரே அளவுள்ள துண்டுகளை இரு கையிலும் வைத்தாலே தெரிந்துவிடும். காரீயத்தில் நகம் பதியும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். தேய்த்துப் பார்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்ற வேலையைத் தொடுங்கள்.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நைட்ரைல் கையுறை, கண்ணாடி, புகைப்போக்கி அறை. புகைப்போக்கி இல்லாத ஆய்வகத்தில் அமிலத்தில் உலோகத்தைக் கரைக்கும் 3-ஆம் படியும், சல்ஃபைடும் ஈராக்சைடும் வரும் 8, 9-ஆம் படிகளும் வேண்டாம். நைட்ரிக் அமிலம் வேலை செய்யும்போது வரும் வாயு காற்றுப்பட்டதும் பழுப்பாகும், நுரையீரலை அரிக்கும். காரீய உப்புகளில் அசெட்டேட் இனிக்கும். அதனாலேயே ஆய்வகத்தில் தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எதுவும் மேசைமேல் இருக்கக் கூடாது.

கரைசல்களை முதல் நாளே தயார் செய்துவிடுங்கள்:

நீர்த்த நைட்ரிக்: 15 மில்லி தண்ணீரில் 5 மில்லி அடர் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றினால் சுமார் 4 மோலார் கிடைக்கும். அமிலம்தான் தண்ணீருக்குள் போக வேண்டும்.

காரீய நைட்ரேட் 0.1 மோலார்: 100 மில்லிக்கு 3.31 கிராம்.

அம்மோனியம் அசெட்டேட் 3 மோலார்: 100 மில்லிக்கு 23 கிராம்.

இவற்றோடு 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக், 0.1 மோலார் பொட்டாசியம் அயோடைடு, பொட்டாசியம் குரோமேட், நீர்த்த அசெட்டிக் அமிலம்.

இனி தண்ணீர். இந்தப் பகுதியின் போர் தண்ணீர் கடினமானது. அதில் காரீய நைட்ரேட்டைக் கரைத்தால் கண்ணெதிரே பால் மாதிரி ஆகும். “கலங்கிப்போச்சுங்க சார்” என்ற குரல் வகுப்பில் நாலு மூலையிலிருந்தும் வரும். உப்புப் புட்டியில் தப்பு இல்லை. தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டும் சல்ஃபேட்டும் காரீயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எது பிடித்தது என்று அறிய, ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் விடுங்கள். கலங்கல் தெளிந்தால் கார்பனேட், தெளியாமல் நின்றால் சல்ஃபேட். இரண்டானாலும் அந்தக் கரைசலைக் கழிவு ஜாடியில் ஊற்றிவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் புதிதாகத் தொடங்குங்கள்.

வடித்த தண்ணீரிலும் மெல்லிய புகைமூட்டம் போலக் கலங்கல் வருவதுண்டு. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும், உப்பு தண்ணீரோடு வினைபுரிவதும் காரணம். காரீய நைட்ரேட் கரைசலில் முன்கூட்டியே ஒன்றிரண்டு சொட்டு நைட்ரிக் விட்டு வைத்தால் இது வராது.

3. உலோகத்தைக் கரைத்தல்

1 கிராம் காரீயத்தை மெல்லிய சீவலாகக் கத்தரியால் வெட்டுங்கள். அரம் வேண்டாம், தூசி பறக்கும். மேலே படிந்த சாம்பல் படலம் ஆக்சைடும் கார்பனேட்டும். அது கரையும், தொந்தரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தை அமிலம் நனைக்காது.

100 மில்லி பீக்கரில் சீவலைப் போட்டு, 4 மோலார் நைட்ரிக் 10 மில்லி ஊற்றி, மணிக்கண்ணாடியால் மூடி, தண்ணீர்த் தொட்டியில் மிதமாகச் சூடாக்குங்கள். வேதிச் சமன்பாட்டின்படி 3 பங்கு காரீயத்துக்கு 8 பங்கு நைட்ரிக். 1 கிராமுக்குத் தேவை 3 மில்லிக்கும் கொஞ்சம் கூட. மிச்சம் வேகத்துக்காக.

அடர் அமிலத்தை ஏன் ஊற்றக் கூடாது? காரீய நைட்ரேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும். 100 மில்லியில் அறை வெப்பத்தில் 50 கிராமுக்கு மேல். அதே உப்பு அடர் நைட்ரிக்கில் கிட்டத்தட்டக் கரையாது. உலோகத்தின் மேல் வெள்ளைப் படிகமாக ஒட்டி வழியை அடைத்துவிடும். அப்படி நின்றுபோனால் அமிலம் சேர்க்காதீர்கள், 20 மில்லி தண்ணீர் சேர்த்துச் சூடாக்குங்கள். வினை மறுபடி கிளம்பும். அமிலம் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றி ஓடவைப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். இந்த வழிகாட்டியின் மொத்தக் கருத்தும் அந்த ஒரு பீக்கரில் இருக்கிறது.

சீவல் முழுக்கக் கரைந்ததும் வடித்த தண்ணீரால் 50 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். காரீயம் கிட்டத்தட்ட 0.1 மோலார் இருக்கும். ஆனால் வினைபுரியாத அமிலமும் சுமார் 0.5 மோலார் கூடவே இருக்கும். புட்டியில் இதையும் எழுதி ஒட்டுங்கள். 6-ஆம் படியிலும் 7-ஆம் படியிலும் இதை மறந்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

மற்ற அமிலங்கள்:

நீர்த்த ஹைட்ரோகுளோரிக்: மிக மெதுவாகத் தொட்டுவிட்டு நின்றுவிடும், குளோரைடுப் போர்வை. சூடான அடர் அமிலத்தில் மெல்லக் கரையும், ஏனென்றால் அங்கே குளோரைடு கூடுதலாகச் சேர்ந்து கரையும் கூட்டயனியாக (அணைவு அயனியாக) மாறுகிறது.

நீர்த்த கந்தக அமிலம்: போர்வை இன்னும் இறுக்கம். கார் பேட்டரிக்குள் காரீயத் தகடு அமிலத்தில் வருடக்கணக்கில் நிற்பது இதனால்தான். கொதிக்கும் அடர் கந்தக அமிலம் கரைத்துவிடும், கந்தக டை ஆக்சைடு வரும். பள்ளி ஆய்வகத்தில் அதைத் தொட வேண்டாம்.

அசெட்டிக் அமிலம்: வலுவற்றது, ஆனாலும் காற்று சேர்ந்தால் காரீயத்தைக் கரைக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் உலோகத்தை ஆக்சைடாக்க, அமிலம் அந்த ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு போகும். அசெட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரைவதால் போர்வை ஏற்படுவதே இல்லை. மூடிவைத்த குழாயில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சீவலைப் பாதி வெளியே தெரியும்படி திறந்து வைத்து மறுநாள் பாருங்கள். ஈயச்சொம்பு வாங்கும்போது காரீயக் கலப்பு இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான், புளிக்கரைசலும் அமிலம்தானே.

4. தெரியாத உப்பு வந்தால், கரைப்பான்களின் வரிசை

கடுகளவு உப்பு, 2 மில்லி கரைப்பான், ஒவ்வொரு தடவையும் புதுக் குழாய். வரிசை இது: குளிர்ந்த தண்ணீர், கொதிக்கும் தண்ணீர், நீர்த்த நைட்ரிக், சூடான அம்மோனியம் அசெட்டேட், சோடியம் ஹைட்ராக்சைடு.

குளிர்ந்த நீரில் உடனே கரைந்தால் நைட்ரேட் அல்லது அசெட்டேட். வெந்நீரில் மட்டும் கரைந்தால் குளோரைடோ புரோமைடோ அயோடைடோ. அயோடைடு என்றால் மஞ்சளே காட்டிக்கொடுத்துவிடும். நைட்ரிக்கில் நுரைத்துக் கரைந்தால் கார்பனேட். முதல் மூன்றிலும் அசையாமல் சூடான அசெட்டேட்டில் இறங்கினால் சல்ஃபேட்.

உப்பாய்வில் தண்ணீருக்கு அடுத்து ஹைட்ரோகுளோரிக்கை எடுப்பது பலருக்குப் பழக்கம். காரீயத்துக்கு அது பொருந்தாது. காரீய கார்பனேட்டில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் கொஞ்சம் நுரைத்து, குளோரைடு மேலே மூடி, நின்றுவிடும். கரையவில்லை என்று எழுதிவிடுவார்கள். இன்னும் மோசம், சூட்டில் கரைந்த கரைசலை மூலக்கரைசலாக எடுத்துக்கொண்டு, ஹைட்ரோகுளோரிக்கில் கரைந்ததால் முதல் தொகுதி (நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் வீழ்படியும் உலோகங்கள்) இல்லை என்று தாண்டிப்போவது. தேடிக்கொண்டிருக்கும் காரீயம் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது.

5. குளோரைடு, சூட்டிலும் குளிரிலும்

5 மில்லி காரீய நைட்ரேட் கரைசலில் 1 மில்லி 2 மோலார் ஹைட்ரோகுளோரிக். வெள்ளை வீழ்படிவு வரும். குழாயைக் கொதிநீரில் வைத்தால் காணாமல் போகும். குளிரவிட்டால் பட்டு நூல் போன்ற ஊசிகளாகத் திரும்பி வரும்.

கணக்கு எளிது. 100 மில்லி தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 1 கிராம் கரையும், 100 டிகிரியில் 3.3 கிராம். நம் குழாயில் இருப்பது 0.14 கிராம் குளோரைடு, 6 மில்லியில். சூட்டில் அது முழுக்க அடங்கும், குளிரில் அடங்காது.

இங்கே மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலாவது, நீர்த்துப்போன கரைசலில் வீழ்படிவே வராது. குளோரைடு குளிரிலும் ஓரளவு கரையும் என்பதால் காரீயம் முதல் தொகுதியைத் தாண்டி இரண்டாம் தொகுதியில் (ஹைட்ரஜன் சல்ஃபைடில் வீழ்படிபவை) கறுப்பு சல்ஃபைடாக எட்டிப்பார்க்கும். அங்கே கண்டால் திகைக்க வேண்டாம்.

இரண்டாவது, அடர் ஹைட்ரோகுளோரிக்கைத் தாராளமாக ஊற்றினால் வந்த வீழ்படிவே கரைந்துபோகும், கூட்டயனி ஆவதால்.

மூன்றாவது, சூடாக வடிக்கும்போது குளிர்ந்த புனலில் ஊற்றுவது. வடிதாளிலேயே ஊசிகள் முளைத்து அடைத்துக்கொள்ளும். புனலையும் வடிதாளையும் கொதிநீரால் ஒருமுறை நனைத்துவிட்டு ஊற்றுங்கள். மார்ச், ஏப்ரலில் ஆய்வகம் 36, 37 டிகிரியில் வேகும்போது அதற்கு எதிரான சிக்கல்: மேசைமேல் வைத்தால் ஊசிகள் வர நேரமாகும். குழாயை மண்பானைத் தண்ணீரில் நிறுத்துங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

6. அயோடைடு

4 மில்லி காரீய நைட்ரேட், 8 மில்லி பொட்டாசியம் அயோடைடு, ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம். மஞ்சள் வீழ்படிவை வடித்த தண்ணீரால் 60 மில்லிக்கு நிரப்பிக் கொதிக்கவைத்தால் நிறமற்ற கரைசலாகும். அசைக்காமல் குளிரவிட்டால் தங்கத் தகடு போல மின்னும் படிகங்கள் இறங்கும்.

உலோகத்தைக் கரைத்து எடுத்த கரைசலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் மிஞ்சிய நைட்ரிக் அமிலமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அயோடைடை அயோடினாக்கிவிடும். மஞ்சளுக்குப் பதில் பழுப்பு. அயோடைடையும் அளவுக்கு மீறி ஊற்றாதீர்கள். மிகுந்தால் வீழ்படிவு கூட்டயனியாகிக் கரையும், படிகம் கிடைக்காது.

7. காரத்தில் கரைதல்

காரீயம் இரண்டு பக்கமும் சாயும் உலோகம், அதன் ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். 5 மில்லி கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளை ஹைட்ராக்சைடு வரும், மேலும் விட்டால் பிளம்பைட் என்ற கரையும் உப்பாகித் தெளியும். அம்மோனியாவில் வெள்ளை வரும், எவ்வளவு மிகுந்தாலும் கரையாது. துத்தநாகம் இரண்டிலும் கரையும் என்பதால் அதனிடமிருந்து பிரித்தறியலாம். அலுமினியம் மட்டும் காரீயம் மாதிரியே நடந்துகொள்ளும். அதை அயோடைடு சோதனையால் விலக்கலாம்.

3-ஆம் படியில் செய்த கரைசல் என்றால், முதல் 1.4 மில்லி வரை ஒன்றும் தெரியாது. மிஞ்சிய அமிலம் அந்தக் காரத்தைச் சாப்பிடுகிறது. அதற்குள் வீழ்படிவு வரவில்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு, பொறுமையிழந்து மொத்தமாக ஊற்றி வெள்ளையைப் பார்க்காமலே தாண்டிவிடுபவர்களும் உண்டு.

8. சல்ஃபேட்டும் சல்ஃபைடும்

சல்ஃபேட் தண்ணீரில் 100 மில்லிக்கு 4 மில்லிகிராம் அளவில்தான் கரையும். நீர்த்த அமிலங்களுக்கு மசியாது. 0.1 கிராமுக்கு 5 மில்லி அம்மோனியம் அசெட்டேட் ஊற்றிச் சூடாக்கிக் கலக்குங்கள். அசெட்டேட் அயனி காரீயத்தைப் பிணைத்துக்கொள்வதால் சல்ஃபேட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பேரியம் சல்ஃபேட் இதில் கரையாது, இரண்டையும் பிரிக்க இதுவே நல்ல வழி. கரைந்ததில் பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சள் வீழ்படிவு. அந்த மஞ்சள் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைந்தால் காரீய குரோமேட் உறுதி. பேரியம் குரோமேட்டும் மஞ்சள்தான், ஆனால் காரத்தில் கரையாது.

அசெட்டேட் கையில் இல்லையென்றால், சல்ஃபேட்டைச் சோடியம் கார்பனேட் கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கார்பனேட்டாக மாற்றி, வடித்து, நைட்ரிக்கில் கரைக்கலாம். இதில் எல்லோரும் தவறவிடும் படி கழுவுதல். வடிதாளில் சல்ஃபேட் ஒட்டியிருந்தால், நைட்ரிக் ஊற்றியதும் கரைந்த காரீயம் அதோடு சேர்ந்து மறுபடி வெள்ளையாகிவிடும். கழுவிய நீரில் அமிலம் சேர்த்து, பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். கலங்காத வரைக்கும் கழுவ வேண்டும்.

கறுப்பு சல்ஃபைடுக்குச் சூடான நீர்த்த நைட்ரிக், 3 மோலார் பக்கம். கந்தகம் மஞ்சள் கட்டியாக மிதக்கும், எடுத்துவிடலாம். அடர் நைட்ரிக் ஊற்றினால் சல்ஃபைடு அப்படியே சல்ஃபேட்டாக ஏறிவிடும். கறுப்பு போய் வெள்ளை வந்திருக்கும், அவ்வளவுதான் லாபம்.

9. ஆக்சைடுகள்

மிருதார்சிங்கி என்று நாட்டுமருந்துக் கடையில் சொல்லும் மஞ்சள் ஓராக்சைடு நைட்ரிக், அசெட்டிக், சூடான காரம் மூன்றிலும் கரையும். செவ்வீயம் என்ற சிவப்புக் காரீய ஆக்சைடு பாதிதான் கரையும். 1 கிராம் செவ்வீயத்தில் 2 மோலார் நைட்ரிக் 10 மில்லி ஊற்றிச் சூடாக்கினால் சிவப்பு போய்ச் சாக்லேட் நிறப் பொடி 0.35 கிராம் தங்கும். அது காரீய ஈராக்சைடு. கலப்படம் என்று நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள். செவ்வீயத்தின் அமைப்பே அப்படி.

அந்தப் பொடியை நைட்ரிக் மட்டும் அசைக்காது, அது ஏற்கெனவே உச்ச ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. இறக்கிவிட ஓர் ஒடுக்கி வேண்டும். அதே அமிலத்தில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 4, 5 மில்லி சொட்டுச் சொட்டாக விட்டால் ஆக்சிஜன் நுரைத்துக் கரைந்துவிடும். மொத்தமாக ஊற்றினால் பொங்கி வழியும். இந்தப் பொடிமேல் அடர் ஹைட்ரோகுளோரிக் ஊற்றக் கூடாது, குளோரின் வாயு வரும்.

10. மிச்சத்தை என்ன செய்வது

குடிநீரில் காரீயத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 3-ஆம் படியில் கரைத்த 1 கிராம், 1 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். கிணற்றையும் போரையும் நம்பியிருக்கும் ஊரில் ஆய்வகத் தொட்டிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எல்லாக் கழிவும் ஒரே ஜாடிக்கு, முதல் அலசல் நீர் உட்பட. சல்ஃபைடு கழிவு மட்டும் தனி ஜாடி, அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். குரோமேட் கழிவும் தனி. நிறைந்ததும் சோடியம் கார்பனேட் கரைசலை மெதுவாக, நுரை அடங்க அடங்க ஊற்றி, பிஎச் தாள் 9 காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். காரீயம் வெள்ளையாக இறங்கும். ஒரு இரவு விட்டு, தெளிந்த நீரில் சிறிது எடுத்துப் பொட்டாசியம் குரோமேட் விட்டு மஞ்சள் கலங்கல் வருகிறதா என்று சோதியுங்கள்.

இந்த வேலைக்குச் சோடியம் ஹைட்ராக்சைடை எடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் 7-ஆம் படியில் பார்த்த அதே கதைதான்: இறங்கியது திரும்பக் கரைந்துவிடும், ஜாடி தெளிவாக இருக்கும், சுத்தம் என்று நினைத்து யாராவது தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். படிந்த வண்டலை வடிகட்டிக் காயவைத்து, ‘காரீயக் கழிவு’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, தேதி போட்டு, அபாயக் கழிவு எடுத்துப்போகும் உரிமம் பெற்றவர்கள் வரும்வரை பூட்டிய அலமாரியில் வையுங்கள். தெளிந்த நீரும் அவர்களுக்கே.